மூச்சு விடும் இடம்

சென்ற கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் கோயிலில் கீபோர்டு வாசிக்கும் பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். உறவு முறையில் எனக்குப் பேரன் ஆக வேண்டும்.

"தாத்தா, நீங்க அந்தக் காலத்துல இங்க பியானோ வாசிச்சீங்களாமே! பாமாலையப் புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே வாசிச்சா சப்புன்னு இருக்கு. அதுல சங்கதியெல்லாம் சேர்த்து வாசிக்க நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டான்.

கேள்வி சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குரிய பதிலைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருஷங்களும் ஒரு சாவும் வேண்டியிருந்தன. அதைக் கோயில் வாசலில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? "எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு சௌகரியம். எந்தக் கடனையும் எழுதித் தீர்த்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

எங்கள் ஊர் தாமிரபரணிக்குத் தெற்கே, செம்மணல் தேரியின் விளிம்பில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை. ஊரில் பாதிப் பேர் பனையேறிகள். மீதிப் பேர் பனையேறிகளின் பிள்ளைகளாகப் பிறந்து வாத்தியார் வேலைக்குப் போனவர்கள். ஊர் நடுவில் கோயில். கோயில் என்றால் மாதா கோயில்தான். ஆனால் நாங்கள் வெறுமனே 'கோயில்' என்போம். பாதிரியாரை 'ஐயர்' என்போம். தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் கோயிலில் பாட்டு இரண்டு வகை. ஒன்று கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராகங்களில் பாடி வைத்தது. அதற்கு ஆர்மோனியமும் தாளமும் போதும். மற்றொன்று பாமாலை. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிறந்த மெட்டுக்களுக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்தியது. கீர்த்தனையில் குரல் வளைந்து போகும். பாமாலையில் படிப்படியாக ஏறி இறங்கும். ஒரு மெட்டை நான்கு குரல்கள் சேர்ந்து தாங்கும். பெண்களின் மேல் குரல், கீழ்க் குரல், ஆண்களின் மேல் குரல், கீழ்க் குரல் என்று நான்கு. பியானோவுக்கு வேலை இந்த இடத்தில்தான்.

அந்தப் பியானோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரோ ஒரு மிஷனரி அம்மாள் சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. கறுப்பு மரம்; பக்கத்துக்கு ஒரு பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி. கடல் காற்றில் அதன் கம்பிகள் துருவேறிக் கிடக்கும். மழைக் காலத்தில் கட்டைகள் ஊறி, அழுத்தினால் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். அதற்காக வயிற்றுக்குள் ஒரு மின்சார பல்பை எரியவிட்டு வைத்திருப்போம். உள்ளே இருக்கும் கம்பளித் துண்டுகளைப் பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை. ஆகவே எங்கள் ஊரில் பாமாலைக்கு எப்போதும் ஒரு அந்துருண்டை வாசனை உண்டு.

அதை வாசித்தவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. எனக்குப் பதின்மூன்று வயதானபோது என்னைப் பிடித்துப் பியானோ முன்னால் உட்கார்த்தி வைத்தார். என் விரல்கள் நீளமாக இருந்தனவாம். வேறு எந்தத் தகுதியும் எனக்கு இருந்ததாக அவர் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் அவர் எனக்குக் கற்பித்ததெல்லாம் ஒன்றுதான். நான்கு குரல்களில் ஒன்றை வாயால் பாடிக்கொண்டு, மற்ற மூன்றையும் விரலால் வாசிக்க வேண்டும். பிறகு வேறொரு குரலைப் பாட வேண்டும். இப்படி ஒரு பாமாலையை நான்கு தடவை புரட்டி எடுத்த பிறகுதான் அடுத்த பாமாலை. "இது நாலு பேர் குடியிருக்கிற வீடு தம்பி. நாலு பேருடைய பேச்சும் உன் காதில் விழ வேண்டும்" என்பார். புஸ்தகத்தில் இல்லாத ஒரு சுரத்தை நான் தொட்டால் போதும், பென்சிலால் என் முழங்கையைத் தட்டுவார்.

நானோ ராத்திரியில் இலங்கை வானொலி கேட்கிறவன். சினிமாப் பாட்டுக்களில் பியானோ அருவி மாதிரி கொட்டுவதைக் கேட்டுவிட்டு, மறுநாள் பாமாலைக்கு உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? டீச்சர் இல்லாத சாயங்காலங்களில் கோயில் சாவியை வாங்கிக்கொண்டு போய், தனியாக வாசித்துப் பார்ப்பேன். நீண்ட சுரம் வந்தால் அதை ஓட்டமாக நிரப்புவேன். ஒரே சேர்க்கையாக அமுக்க வேண்டியதைத் துளித்துளியாகச் சிதற விடுவேன். மெட்டு அப்படியே இருக்க, அடிச் சுரத்தை மட்டும் மாற்றிப் போட்டால் பாட்டின் முகமே திடீரென்று இருண்டு போவதைக் கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தராமல் கண்டுபிடித்தேன் என்ற கர்வம் வேறு. காலி பெஞ்சுகள் எல்லாம் என்னைப் பாராட்டின.

1963-ஆம் வருஷம் டீச்சர் கண்புரை அறுவைக்காகப் பாளையங்கோட்டைக்குப் போனார். அந்தக் காலத்தில் புரை எடுத்தால் பல நாள் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். பியானோ என் கைக்கு வந்தது. எனக்குப் பதினைந்து வயது.

இரண்டாவது வாரத்தில் ஒரு பனையேறி மரத்திலிருந்து விழுந்து இறந்து போனார். அவர் மனைவியை ஊரில் கருப்பட்டிப் பாட்டி என்போம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நூறு பாமாலையாவது மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் பக்கம் முதல் பாயில், பியானோவுக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள். புஸ்தகம் பிடித்திருக்கும் எங்களுக்கு அடி தவறும், அவளுக்குத் தவறாது.

அடக்க ஆராதனைக்கு ஒரு குறிப்பிட்ட பாமாலையைப் பாட வேண்டும் என்று உபதேசியார் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். சாயங்காலத்தில் பாடும் பாட்டு. அவள் புருஷனுக்குப் பிடித்தது. ஆங்கிலத்தில் ஹென்றி பிரான்சிஸ் லைட் என்ற போதகர் 1847-இல், தாம் இறந்த வருஷத்திலேயே, எழுதியது. வில்லியம் ஹென்றி மங்க் என்பவர் 1861-இல் அதற்கு மெட்டமைத்தார். கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களும் இந்த மெட்டைக் கேட்டிருப்பார்கள். காந்தியடிகளுக்கு உகந்த பாட்டு. டில்லியில் குடியரசு விழாவின் கடைசியில், படைகள் பாசறை திரும்பும் மாலையில், 2021 வரை ராணுவ வாத்தியக்காரர்கள் அதை வாசித்து வந்தார்கள். 2022-இல் அது நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டது.

மிகவும் எளிய மெட்டு. ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. முதல் வரி முடியும்போது ஒரு சுரம் நான்கு எண்ணிக்கை நீண்டு நிற்கும். அலங்காரப் பைத்தியம் பிடித்தவனுக்கு அந்த நான்கு எண்ணிக்கை, வெள்ளையடித்த சுவரில் கரிக்கட்டை கிடைத்த பையனுக்கு இருப்பது போல!

முதல் சரணத்தை ஒழுங்காக வாசித்தேன். இரண்டாவதில் அந்த நீண்ட சுரத்தில் ஒரு ஓட்டத்தை இறக்கினேன். அது முடிவதற்குள் ஆண்கள் பக்கம் அடுத்த வரியைத் தொடங்கிவிட்டது. பெண்கள் பக்கம் காத்திருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதின. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மூன்றாவதில் அடிச் சுரங்களை மாற்றினேன். கடைசிச் சரணத்துக்கு முன்னால் சுருதியையே அரைக்கட்டை உயர்த்தினேன். வானொலியில் அப்படிச் செய்யும்போது மயிர்க்கூச்செறியும்.

நிமிர்ந்து பார்த்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் கருப்பட்டிப் பாட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது, பாட்டு வரவில்லை. ஒரு வரியைத் தொடங்கினாள், விட்டாள். மறுபடி தொடங்கினாள், விட்டாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பெண்கள் பக்கம் முழுவதுமே அதற்குள் அடங்கிவிட்டது. பாடகர் குழுவில் நான்கு பையன்கள் மட்டும் கடைசி வரை பாடினார்கள்.

வெளியே வந்ததும் அந்த நான்கு பேரும் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். "சினிமா மாதிரியே இருந்துச்சுடே!"

மறுநாள் அம்மா என்னிடம் சோற்றுத் தூக்கைக் கொடுத்துப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்தார் முறை வைத்துச் சோறு அனுப்புவது வழக்கம். திண்ணையில் தளைநாரும் பாளை அரிவாளும் கிடந்தன. பாட்டி அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தூக்கை வைத்துவிட்டு நின்றேன். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அவளே பேசினாள்.

"ராசா, நேத்து நீ வாசிச்சது நல்லாத்தான் இருந்துச்சுய்யா. எல்லாரும் சொல்லுதாவ. எனக்குத்தான் பிடி கெடைக்கல. மரத்துல பிடி இருந்தாத்தான ஏற முடியும்? அவுகளுக்குக் கடேசியா ஒரு பாட்டுப் பாடி அனுப்பணும்னு இருந்தேன். என் கூறுகெட்ட தொண்டை பாட மாட்டேன்னுட்டு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். குற்றத்தைத் தன் தொண்டையின் மேல் போட்டுக்கொண்டாள். அதைத் திருத்தி, 'இல்லை பாட்டி, குற்றம் என்னுடையது' என்று சொல்லும் தைரியம் அந்தப் பதினைந்து வயதில் எனக்கு இல்லை. காலித் தூக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் புஸ்தகத்தை விட்டு ஒரு சுரம் நகரவில்லை. நகராதது மட்டுமல்ல, கட்டைகளைப் பயந்து பயந்து தொட்டேன். தந்தி அடிக்கிற மாதிரி இருந்தது வாசிப்பு. டீச்சர் கண்ணில் பச்சைத் துணிக் கட்டோடு திரும்பி வந்தார்; ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார். அடக்க ஆராதனையில் நடந்ததை யார் சொன்னார்களோ, அதையும் தெரிந்துகொண்டிருந்தார்.

"துள்ளித் துள்ளி வாசிப்பது ஒரு கர்வம் தம்பி. பயந்து பயந்து வாசிப்பது இன்னொரு கர்வம். இரண்டிலும் உன்னைப் பற்றித்தான் உனக்கு நினைப்பு" என்றார்.

பிறகு பியானோவை மூடினார். இரண்டு மாதம் நான் அதைத் தொடக் கூடாது; கட்டோ கட்டில்லையோ, அவரே வாசிப்பார். நான் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு இடத்தில் நின்று பாட வேண்டும். ஒரு வாரம் கடைசி வரிசை, ஒரு வாரம் ஜன்னலோரம், ஒரு வாரம் கிழவர்கள் நடுவில். கையில் பாமாலைப் புஸ்தகமும் பென்சிலும். ஜனங்கள் எங்கே மூச்சு விடுகிறார்களோ அங்கே ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

முதலில் இது தண்டனை என்று நினைத்தேன். மூன்றாவது வாரத்தில்தான் விஷயம் புரியத் தொடங்கியது. புஸ்தகத்தில் காற்புள்ளி இருக்கும் இடத்தில் ஜனங்கள் மூச்சு விடுவதில்லை. சின்னப் பிள்ளைகள் வரி முடிவில் விடுகிறார்கள். வயதானவர்கள் வரிக்கு நடுவிலும் ஒரு தடவை விடுகிறார்கள். கடைசி வரிசைக்குப் பியானோ சத்தம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பாட்டு எழும்பி வரும்போது, முன் வரிசை அரை அடி தாண்டி நிற்கிறது. எனக்குப் பியானோவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது 'நீண்ட சுரம்' என்று தோன்றியது, கடைசி வரிசைக் கிழவருக்கு நீண்ட சுரமே இல்லை. அவர் பாதியில் அதை விட்டுவிட்டு, அடுத்த வரிக்குக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். நான் கரிக்கட்டையால் கிறுக்கியது காலிச் சுவரில் அல்ல. மற்றவர்களின் மூச்சின் மேல்.

கச்சேரியில் பாடகர் ஒரு பல்லவிக்குப் பத்துச் சங்கதி போட்டால், சபை தலையை ஆட்டுகிறது. அங்கே பாடுகிறவர் வேறு, கேட்கிறவர் வேறு. பாமாலையில் கேட்கிறவர் என்று ஒருவருமே கிடையாது. எல்லாரும் பாடுகிறவர்கள். ஆகவே மேலே சங்கதி போட இடமில்லை. போட்டால் கீழேதான் போட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துப் பியானோ திறந்தது. ஆச்சரியம், இப்போது டீச்சரே எனக்கு அலங்காரம் கற்பித்தார்! பாட்டைத் தொடங்கும் முன் வாசிப்பது எதற்கு? சுருதி, வேகம், மெட்டு மூன்றையும் ஜனங்கள் கையில் கொடுப்பதற்கு. ஆகவே அதில் வித்தை காட்டக் கூடாது. மெட்டை வலக்கைச் சுண்டுவிரல் எப்போதும் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஜனங்கள் சோர்ந்தால் இடக்கை அடிச் சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக் கொடுக்கலாம். மேலே மெட்டு அசையாமல் நிற்கும்போது, நடுக் குரலில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இடைச் சுரம் வழியாக நடந்து போகலாம். படியில் இறங்குகிறவனுக்குக் கைப்பிடி மாதிரி அது பாட்டை நடத்திக்கொண்டு போகும். மரணத்தைப் பற்றிய சரணத்தில் அடிச் சுரத்தையே விட்டுவிடலாம். சபை முழுவதும் ஒரே குரலாக, உரக்க, தன்னை மறந்து பாடும் கடைசிச் சரணத்தில் மட்டும் அடிச் சேர்க்கைகளை மாற்றிப் பார்க்கலாம்; அப்போது அவர்களை யாராலும் தள்ளிவிட முடியாது. பென்சில் கோடு வந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அங்கே வாத்தியமும் மூச்சு விட வேண்டும்.

நான் முன்பு கண்டுபிடித்த வித்தைகளில் ஒன்றைக்கூட அவர் தள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடத்தைக் காட்டினார்.

பல வருஷங்களுக்குப் பிறகு, சென்னையில் ஒரு நூலகத்தில் பாக்கின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. ஆர்ன்ஸ்டாட் என்ற ஜெர்மன் ஊரில் இருபது வயது யோஹான் செபாஸ்டியன் பாக் ஆர்கன் வாசிக்கிறார். நான்கு வாரம் விடுமுறை கேட்டுக்கொண்டு, புக்ஸ்டஹூட என்ற மேதையின் வாசிப்பைக் கேட்க லூபெக் நகருக்குப் போகிறார். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். நடந்தே போனார் என்று சொல்கிறார்கள். நான்கு வாரம் போல நான்கு மடங்கு தங்கிவிட்டுத் திரும்புகிறார். 1706 பிப்ரவரியில் திருச்சபை அதிகாரிகள் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். தாமதத்துக்கு மட்டுமா? பாமாலைகளில் விசித்திரமான மாறுதல்கள் செய்கிறார், அந்நிய சுரங்களைக் கலக்கிறார், சபை குழம்பிப் போகிறது என்று குற்றச்சாட்டு! வாசிப்பு மிக நீளம் என்று முன்பு கண்டித்தபோது, அவர் மிகவும் குறைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டாராம். அதுவும் ஒரு புகார்.

அதே 1706-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த ஜெர்மன் பாமாலைகளைத் தமிழில் பாட வைத்தார்கள். பாக்கின் சபையைக் குழப்பிய அதே வகைப் பாட்டுத்தான் கடல் கடந்து, எங்கள் தேரிக்காட்டுக்கு வந்து, கருப்பட்டிப் பாட்டியைக் குழப்பக் காத்திருந்தது! பாக்குக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் இல்லை. அவர் குழப்பியது மேதையின் கை. என்னுடையது வெறும் நீண்ட விரல். ஆனால் பாட முடியாமல் நின்றவர்களுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆறுதல்?

பாட்டியிடம் நான் கற்றது இன்னொன்று உண்டு. அவள் பாமாலையையும் கீர்த்தனை மாதிரி கொஞ்சம் வளைத்துத்தான் பாடுவாள். அந்தச் சாயங்காலப் பாட்டின் மூன்றாவது வரியில், ஒரு சுரத்துக்கு நேரே போகாமல், கீழேயிருந்து எட்டிப் பிடிப்பாள். பியானோவில் அந்த வளைவு இல்லை. வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவே எங்கோ இருந்தது அது. பல நாள் தேடி, கீழ்ச் சுரத்தை இமைப் பொழுது தொட்டு மேலே போனால் அதன் நிழல் மாதிரி ஒன்று கிடைப்பதைக் கண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி வாசித்தேன். பாட்டி பாட்டை நிறுத்தாமல், மூடியிருந்த கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். நான் சேர்த்த அலங்காரங்களில் யாருடைய பாட்டையும் தடுக்காத முதல் அலங்காரம் அதுதான். அதுவும் என்னுடையது அல்ல.

1971-இல் பாட்டி இறந்தாள். அப்போது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். தந்தி கண்டு போய்ச் சேர்ந்தேன். டீச்சருக்கு விரல் நடுங்கத் தொடங்கியிருந்தது. என்னை வாசிக்கச் சொன்னார். அதே பாமாலை. முதல் வரியின் கடைசியில் அந்த நான்கு எண்ணிக்கை வந்தது. கையை எடுத்துவிட்டேன். கோயில் முழுவதும் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. முதல் பாயில் ஒரு இடம் காலியாக இருந்தது. மூன்றாவது வரியில் அந்தச் சுரத்தைக் கீழேயிருந்து தொட்டு மேலே போனேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. அவள் புருஷனுக்காக அவளால் பாட முடியாமல் போன பாட்டை, ஊர் அவளுக்காகக் கடைசி வரி வரை பாடி முடித்தது.

எட்டு வருஷமாக நான் கேட்காத மன்னிப்பு அதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய காது போய்விட்டது.

இப்போது அந்தப் பியானோ கோயில் அறையில் ஒரு மூலையில் இருக்கிறது. வயிற்றுக்குள் விளக்கு இல்லை. கீபோர்டுக்கு மழைக் காலத்தைப் பற்றிக் கவலை கிடையாது; பொத்தானைத் தட்டினால் தாளம், வயலின், புல்லாங்குழல் எல்லாம் தானாக வந்துவிடுகின்றன. அலங்காரத்துக்குப் பஞ்சமில்லை. பையன் நல்ல பையன். என்னைவிட நன்றாகவே வாசிக்கிறான்.

ஆகவே தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீபோர்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் நில். புஸ்தகம் இல்லாமல் பாடுகிற ஒரு கிழவி இன்னும் அங்கே இருப்பாள். அவள் பக்கத்தில் நின்று நீயும் பாடு. பென்சில் கொண்டுபோக மறக்காதே.